நாலாம் இடம்

"நாலாம் எடம் சும்மாத்தானுங்களே கெடக்குது?" என்று கேட்டான் நல்லசிவம்.

அமலி கணினியிலிருந்து கையை எடுத்தாள்.

"அலை உயரத்த அங்க வெச்சா ஒரு வாரத்துல வேலை முடிஞ்சுருமுங்க. கடைசீல புதுசா ஒரு எடம் சேக்கோணும்னா மாசக்கணக்காயிரும். ஆடி பொறக்கறதுக்குள்ள இது கடலுக்குப் போயாகோணுங்க அம்மணி."

"சோத்து நேரம் ஆயிட்டா அண்ணாச்சி?"

"ஆச்சுங்க."

"இன்னைக்கு எனக்கு நீங்க பரிமாறுங்க."

அவ்வளவுதான் பதில்.

சங்குமுனையில் கடலைப் பார்த்து நிற்கும் அந்த ஓட்டு வீட்டை ஊரார் மடம் என்பார்கள். உள்ளே நாலைந்து பேர் பகல் முழுக்கப் பேச்சு மூச்சில்லாமல் கணினியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஊர் வேறென்ன பெயர் வைக்கும்?

மீன்பிடி வள்ளங்களுக்குக் கடல் எச்சரிக்கை அனுப்புவது அவர்கள் வேலை. ஒவ்வொரு வள்ளத்திலும் கையகலப் பெட்டி ஒன்று இருக்கும். மடத்திலிருந்து போகும் செய்தி வெறும் எண்களின் வரிசை. எந்த இடத்து எண்ணுக்கு என்ன பொருள் என்பது மட்டும்தான் பெட்டிக்குத் தெரியும். முதல் இடம் நேரம். இரண்டாவது திசை. மூன்றாவது ஆபத்து, அதைப் பார்த்துத்தான் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். ஐந்தாவது காற்று.

நாலாவது, மீன்.

மீன் எங்கே கூடியிருக்கிறது என்று ஒரு காலத்தில் அந்த இடத்தில் சொல்லி அனுப்பினார்கள். நல்ல எண்ணம்தான். எல்லா வள்ளமும் ஒரே இடத்துக்குப் பாய்ந்தன. வலையோடு வலை சிக்கியது, கரைக்கு வந்ததும் மண்டை உடைந்தது. கடைசியில் பங்குச் சாமியார் வந்து சமாதானம் பேச வேண்டியதாயிற்று. அன்றோடு மீன் நின்றது. நாலாம் இடம் காலியானது.

இந்த ஏற்பாட்டையெல்லாம் முதலில் எழுதியவள் அமலி. பிறவியிலேயே கண் தெரியாது. கணினி அவள் காதில் படித்துச் சொல்லும், அவள் விரலால் எழுதுவாள். நல்லசிவத்துக்கு அவள் தங்கை வயசு. கோயமுத்தூரில் பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு, இவளிடம் தொழில் கற்க வந்தவன் அவன். குருவிடம் வயசு கேட்கக் கூடாது என்று வந்த அன்றைக்கே தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இருந்தாலும் வாய், ஊரில் தங்கையைக் கூப்பிடுவது போல, அம்மணி என்றுதான் கூப்பிட்டது.

அவன் அவசரத்துக்குக் காரணம் சமையற்கட்டில் இருந்தது.

மிக்கேலம்மா அங்கே சமைக்கிறவள். போன ஆடியில் அவள் வீட்டுக்காரர் கடலோடு போனார். அன்றைக்குக் காற்று துளிகூட இல்லை. காற்று இல்லாததால் பெட்டியில் பச்சை எரிந்தது. வானம் கழுவி விட்டது போல இருந்தபோது, எங்கோ தொலைவில் கிளம்பிய அலை சத்தமில்லாமல் வந்து வள்ளத்தைப் புரட்டியது. கள்ளக்கடல் என்பார்கள். திருடன் வருவது போல வரும்.

அந்தப் பச்சையை அனுப்பும்போது திரை முன்னால் உட்கார்ந்திருந்தவன் நல்லசிவம். காற்றை மட்டும் பார்த்துப் பச்சை அனுப்பினான். அதுதான் விதி, அவன் பிழை எதுவும் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். மிக்கேலம்மாவும் சொன்னாள். சொல்லிவிட்டு அவனுக்குச் சோறு போட்டாள்.

அந்தச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். அடுத்த ஆடிக்குள் அலை உயரம் எல்லாப் பெட்டிக்கும் போயாக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தான். அந்த வைராக்கியத்தை யாராலும் அசைக்க முடியவில்லை.

இலை போட்டான்.

அமலி இலையில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. இடது ஓரத்தில் உப்பு. அடுத்து ஊறுகாய். அதற்கடுத்து கூட்டு. அப்புறம் பொரியல். யார் பரிமாறினாலும் அப்படித்தான்.

அன்று கூட்டு இல்லை. மிக்கேலம்மா மிளகாயும் பூண்டும் வைத்துத் துவையல் அரைத்திருந்தாள். இலையில் ஓர் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தான் நல்லசிவம். துவையலை அங்கே வைத்தான்.

அமலி கையை நீட்டினாள். ஒரு கை நிறைய அள்ளிச் சோற்றில் பிசைந்து வாயில் வைத்தாள்.

முகம் சிவந்தது. கண்ணில் நீர் தாரை தாரையாகக் கொட்டியது.

"அய்யய்யோ! தொவையலுங்க அது!"

அவள் மென்று விழுங்கிவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தேடி எடுத்தாள்.

"கூட்டுன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

"இன்னைக்குக் கூட்டே இல்லீங்க. எடம் காலியா இருந்துச்சு, அதான் வெச்சுப்போட்டேன்."

"ஆமா. காலியாத்தான் இருந்திருக்கும்."

நல்லசிவம் யோசித்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவனுக்குப் புத்தி நிறையவே இருந்தது, ஆனால் அது ஆடி மாதத்தைத் தவிர வேறெதையும் பார்க்க மறுத்தது.

"நான் வாயத் தொறந்து சொல்லியிருந்தா நீங்க அள்ளியிருக்க மாட்டீங்க. அப்ப சொல்லீட்டாப் போச்சுங்க! நாலாம் எடத்துல இனி அலைன்னு புதுப் பொட்டிக்கெல்லாம் சொல்லிப்போடலாம்."

"பழைய பெட்டிக்கு?"

பழைய பெட்டிகள் கடல் தண்ணீர் புகாமல் பிசின் ஊற்றி மூடியவை. திறக்க முடியாது. புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவும் முடியாது. முதல் நாள் என்ன தெரியுமோ அதுதான் கடைசி நாள் வரை.

"பழசு கடல்ல ஒண்ணுகூட இல்லீங்க. தேடிப் பாத்துட்டேன்."

"பாத்தாச்சா?"

"ரீஜெக்ஸ் போட்டுப் பாத்தேன். ஒண்ணே ஒண்ணு மாட்டுச்சு. அதும் நம்ம அலமாரியில மாதிரிக்கு வெச்சிருக்கறதுதானுங்க."

ரீஜெக்ஸ் என்பது தேடும் சூத்திரம். தேடுகிற பொருளின் சாயலைச் சொன்னால் போதும், அந்தச் சாயலில் இருப்பதைக் கணினி பிடித்துக் கொடுக்கும். தினமும் எல்லாப் பெட்டிகளும் மடத்துக்கு "இருக்கிறேன்" என்று ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரலெல்லாம் ஒரே நீள வரியாகச் சேர்ந்துகொண்டு வரும். நல்லசிவம் தேடியது அந்த வரியில்.

"என்னன்னு சொல்லித் தேடுனீங்க?"

"பழைய பொட்டியோட குரல் 'பழசு'ன்னு ஆரம்பிச்சு, 'முற்று'ன்னு முடியுமுங்க. பழசுல தொடங்கோணும், முற்றுல முடியோணும், நடுவுல எது வேணா இருக்கலாம்னு எழுதினேன்."

அமலி கை கழுவிவிட்டு வந்தாள். கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். சின்னச் சின்ன மணிகள், இடையிடையே ஒரு பெரிய மணி.

"ஒரு பெரிய மணில தொடங்கணும். ஒரு பெரிய மணில முடியணும். நடுவுல எது வேணா இருக்கலாம். எத்தன இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க."

நல்லசிவம் விரலால் நகர்த்தி எண்ணினான். ஒரு பெரிய மணியிலிருந்து அடுத்த பெரிய மணி வரை ஒன்று. அதிலிருந்து அதற்கடுத்தது வரை இன்னொன்று.

"நாலஞ்சு இருக்குதுங்க."

"அப்படியா? குடுங்க."

அவள் வாங்கித் தடவினாள். சிலுவைக்குப் பக்கத்தில் இருந்த முதல் பெரிய மணியை ஒரு கையில் பிடித்தாள். கடைசிப் பெரிய மணியை இன்னொரு கையில் பிடித்தாள். முழு மாலையும் நடுவில் தொங்கியது.

"எனக்கு ஒண்ணுதான் வருது."

"அதெப்படிங்க? நடுவுல இத்தன பெரிய மணி கெடக்குதுங்களே!"

"எது வேணா இருக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க?"

நல்லசிவம் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு எழுந்து ஓடினான். வேட்டி தடுக்கியது, விழவில்லை. சூத்திரத்தில் ஒரே ஒரு குறியைச் சேர்த்தான்: முதல் 'முற்று' வந்ததும் நின்றுவிடு.

திரை நிரம்பியது. நிரம்பி, மேலே போய், மறுபடி நிரம்பியது. முதல் பழசு அலமாரியில் இருந்தது. கடைசிப் பழசு ஏதோ ஒரு வள்ளத்தில் இருந்தது. நடுவில் இருந்த அத்தனை வள்ளங்களையும் அவன் சூத்திரம் ஒரே வாயில் விழுங்கிவிட்டு, ஒன்று என்று ஏப்பம் விட்டிருந்தது.

அதில் ஒரு பெயரில் அவன் கண் நின்றது. கித்தேரியான். மிக்கேலம்மாவின் தம்பி. வீட்டுக்காரர் போன பிறகு அவள் வீட்டுக்குச் சம்பாதிக்கிறவன் அவன்தான்.

வேறொருவனாக இருந்தால் அங்கே விட்டிருப்பான். நல்லசிவம் விடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"சரிங்க, பழசு நெறைய இருக்குது. ஒத்துக்கறேன். இருந்தா என்னங்க? பழைய பொட்டி அலையைக் கண்டுச்சா? புரியாதது வந்தா தள்ளிட்டுப் போன்னு நீங்கதான அதுக்குச் சொல்லி வெச்சிருக்கீங்க?"

"புரியாதது வந்தா தள்ளிரும். அது வாஸ்தவம்."

"அப்பறம் என்னங்க?"

"அலமாரியில இருக்கதுக்கு அனுப்பிப் பாருங்க."

அந்தப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தான். கணினியோடு ஒரு கம்பியால் இணைத்தான். சோதனைக்கு என்ன எண்களை அனுப்புவது என்று யோசிக்கவே இல்லை. அந்த எண்கள் அவனுக்கு மனப்பாடம். போன ஆடியில் அந்த ஒரு நாள். தென்கிழக்குத் திசை. ஆபத்து, பச்சை. காற்று இல்லை. அன்று யாருமே அனுப்பாத அலை உயரத்தை நாலாம் இடத்தில் வைத்தான். ஆளை விட உயர்ந்த அலை.

அனுப்பினான்.

பெட்டி பாடியது.

அது பாடும் என்று அவனுக்குத் தெரியாது. அவன் வருவதற்கு முன்பே நின்றுபோன பாட்டு அது. வலை இழுக்கும்போது பாடுகிற மெட்டு, துள்ளலாக, குழந்தைகூட எழுந்து ஆடுகிற மாதிரி. பச்சை விளக்கு கண் சிமிட்டியது. சின்னத் திரையில் ஒரு மீன் நீந்தி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னும் இரண்டு. தென்கிழக்கே அம்புக்குறி.

சமையற்கட்டிலிருந்து மிக்கேலம்மா ஓடி வந்தாள். கையெல்லாம் தேங்காய்ப் பூ. முகமெல்லாம் சிரிப்பு. போன ஆடியிலிருந்து அந்த முகத்தில் அவன் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை.

"மீனா? அமலிக்கா, மீன் பாட்டு கேக்கே! மறுபடியும் போட்டுட்டீங்களா? எந்தப் பக்கம்?"

அமலி முகத்தை நல்லசிவம் பக்கம் திருப்பினாள்.

"அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க. தம்பி மீனே வத்திப் போச்சுன்னு மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியுதான். இப்பமே போன் போடுதேன். எந்தப் பக்கம் போவச் சொல்ல?"

நல்லசிவம் பெட்டியைக் கையால் மூடினான். மூடிய கைக்குள் பாட்டு தொடர்ந்தது. அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது, அது எந்த நாளின் திசை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனால் முடியவில்லை.

"சோதனைதானுங்க," என்றான் கடைசியில். "மீனெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"ஓ," என்றாள் மிக்கேலம்மா. சிரிப்பு மெல்ல இறங்கியது. "அதான பாத்தேன். இந்தப் பாட்டக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. கேட்டதும் ஆசையாப் போச்சு."

உள்ளே போய் மறுபடி தேங்காய் துருவத் தொடங்கினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நல்லசிவம் உட்கார்ந்திருந்தான். அழுகை வந்தது, அழுதான். அதை மறைக்கவும் தோன்றவில்லை.

அமலி தட்டித் தடவி வந்து கம்பியைப் பிடுங்கினாள். பாட்டு நின்றது.

"ஆடிக்கு நாள் இருக்கு அண்ணாச்சி," என்றாள்.

மறுநாள் விடியற்காலையிலேயே வேலையை ஆரம்பித்தான்.

முதல் காரியமாக நாலாம் இடத்தைப் பூட்டினான். இனி யார் எதை அங்கே வைக்கப் பார்த்தாலும் நிரல் ஓட மறுக்கும். அவனே வைத்தாலும் மறுக்கும். வைத்துப் பார்த்தான், மறுத்தது. அலைக்கு வரிசையின் கடைசியில், யாரும் இதுவரை உட்காராத ஓர் இடத்தைக் கொடுத்தான். புதுப் பெட்டிகளுக்கு அந்த இடத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தான். மாசக்கணக்கில் ஆகும் என்று சொன்ன வேலை. ஆயிற்று. மற்றவர்கள் தேநீருக்குப் போகும்போது அவன் போகவில்லை. கோயமுத்தூரில் தங்கை மகளுக்குக் காது குத்து, அதற்கும் போகவில்லை, திட்டு வாங்கினான்.

ஒரு நாள் அமலி கேட்டாள்.

"கடைசி எடத்தப் பழைய பெட்டி பாக்காதே அண்ணாச்சி. கித்தேரியானுக்கு அலை எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க."

"அப்ப?"

"அவனோட பொட்டிக்கு என்ன தெரியும்னு பாத்தேனுங்க. செவப்பு தெரியும். மூணாம் எடம் அதுக்கு முதல் நாள்லருந்து தெரியும். அலை ஏறுனா காத்தே இல்லாட்டியும் மூணாம் எடத்துல செவப்பு போகோணும்னு விதியை மாத்திட்டேன்."

அமலி கை கழுவ எழுந்தாள். சோத்து நேரம். நல்லசிவம் இலை போட்டான். அன்றும் கூட்டு இல்லை, துவையல்தான். உப்பு, ஊறுகாய் வைத்தான். கூட்டு இருக்க வேண்டிய இடத்தை வெறுமனே விட்டான். பொரியல் வைத்தான். துவையலை எல்லாவற்றுக்கும் அப்பால், இலையின் வலது ஓரத்தில் வைத்தான். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை.

அமலியின் விரல் ஊறுகாயைத் தொட்டது. அடுத்த இடத்தைத் தொட்டது. வெறும் இலை. தாண்டிப் பொரியலுக்குப் போனது. சாப்பிட்டு முடிக்கும்போது கை வலது ஓரத்தில் எதன் மேலோ பட்டது. விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தாள்.

"அனுப்பிருங்க," என்றாள்.

ஆடி பிறந்தது.

பிறந்து சில நாள் கழித்து, வானம் கழுவி விட்டது போல இருந்த ஒரு காலையில், காற்று துளிகூட இல்லாதபோது, கடலில் இருந்த எல்லாப் பெட்டிகளும் சிவந்தன.

கரையில் ஆளுக்கொரு பேச்சு. "இலை அசையல, என்னத்துக்குச் செவப்பு?" என்று ஒரு கூட்டம் சிரித்தது. மடத்துக்காரனுக்கு மண்டை குழம்பிவிட்டது என்றார்கள். நல்லசிவம் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். உள்ளே போய்த் திரையைப் பார்த்தான். மறுபடி வாசலுக்கு வந்தான். சமையற்கட்டில் மிக்கேலம்மா அடுப்பைப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது, விரலில் ஜெபமாலை ஓடியது.

வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சில முணுமுணுத்துக்கொண்டு திரும்பின. கடைசி வள்ளம் மணலில் ஏறி முடிப்பதற்குள், சத்தமில்லாமல் கடல் எழுந்து வந்து கரையில் காய்ந்த வலைகளை அள்ளிக்கொண்டு போனது. சிரித்த கூட்டம் மேட்டுக்கு ஓடியது.

வலை போயிற்று. ஆள் போகவில்லை.

கித்தேரியான் இடுப்பு வரை நனைந்து, கொல்லைப்புறம் வழியாகச் சமையற்கட்டுக்குள் நுழைந்தான். மிக்கேலம்மா அவன் தலையைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், முதுகில் ஓர் அடி போட்டாள், கட்டிக்கொண்டு அழுதாள்.

அமலி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள். நல்லசிவம் அவளுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தம்பி, உங்க பொட்டி பழசாச்சுங்களே. அதுல என்னங்க வந்துச்சு?"

"செவப்பு."

"அலை எவ்வளவு ஒசரம்னு ஏதாச்சும்?"

"இல்லயே."

"வேற ஒண்ணும் காட்டலீங்களா?"

கித்தேரியான் அக்காவின் கையை விலக்கிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"செவப்பு எரிஞ்சுது, வந்துட்டேன். வேற என்ன வேணும் அண்ணாச்சி? எலயப் போடுங்க, பசிக்கி."